தையல் போட்ட இடத்தை யார் பார்ப்பது?



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. விஷயமும் கொஞ்சம் கூச்சமான விஷயம். "டீச்சர் ஏன் இதையெல்லாம் முகநூலில் எழுதுறாங்க" என்று சிலர் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படித்து முடித்துவிட்டு நினையுங்கள். ஆண் பிள்ளைகள் பாதியில் நழுவ வேண்டாம், இது முக்கியமாக உங்களுக்குத்தான்.

போன மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு போன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், கடைசி பெஞ்ச். இப்போது துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் நிற்கும்போது சில நாள் எனக்கு போன் போட்டு நலம் விசாரிப்பான். அன்று குரல் வேறு மாதிரி இருந்தது.

"டீச்சர், தூங்கிட்டீங்களா? வீட்ல சிசேரியன் ஆகி ஒம்போது நாள் ஆவுது. ரெண்டு நாளா இன்னாமோ மாதிரி இருக்கா. கேட்டா ஒண்ணும் இல்லன்றா. எங்கம்மா பத்தியம் தப்பிப் போச்சுன்னு சொல்லுது. பாவாடையில மஞ்சளா கறை இருந்துச்சு டீச்சர், நானே பார்த்தேன்."

"காய்ச்சல் இருக்கா? வாடை வருதா? தையல் போட்ட இடத்தைப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"நான் எப்டி டீச்சர் அதைப் போய்ப் பாக்கறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் மடியில இருக்கிற குழந்தை யாருதுடா? போய் லைட்டைப் போட்டுப் பாருடா" என்றேன். பார்த்தான். தையலின் ஓரத்தில் சிவந்து வீங்கி, ஒரு மூலையிலிருந்து சீழ் கசிந்துகொண்டிருந்தது. உடம்பு சுட்டது. இரவோடு இரவாக, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கே ஆட்டோவில் கூட்டிப் போனான். ஒரு பக்கம் தையலைப் பிரித்து, சீழை வெளியேற்றி, கழுவி, ஊசி மருந்து போட்டு, ஆறு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் நலம்.

வீட்டுக்கு வந்த பிறகு போன் பண்ணி, "உங்களுக்கு எப்டி டீச்சர் கரெக்டா தெரிஞ்சுது?" என்று கேட்டான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2013-இல் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். கட்டி இருந்தது, இரண்டு வருடமாக உதிரப்போக்கு நிற்கவே இல்லை. வகுப்பில் நாற்காலியில் கறுப்புத் துணி விரித்து உட்கார்ந்திருந்தேன், உங்களில் அந்தக் கடைசி சில வருடப் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கலாம். பி.எஃப். கடன் போட்டு, ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். வயிற்றைக் குறுக்கே கிழித்துச் செய்தது. நல்ல டாக்டர், ஆபரேஷனும் நன்றாகவே முடிந்தது. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த தாளில் முழுக்க ஆங்கிலம். கடைசி வரி: ரிவ்யூ ஆஃப்டர் டூ வீக்ஸ்.

ஆறாம் நாள் காலையில் தையல் இடம் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். ஏழாம் நாள் லேசாக வாடை. அன்றைக்கே தெரிந்துவிட்டது, இது வியர்வை இல்லை என்று. பழைய காட்டன் புடவையைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவினேன். வாடை தெரியாமல் இருக்கப் பவுடர் போட்டேன். மூன்று வருடமாகச் சர்க்கரை வேறு. ஆஸ்பத்திரியில் இன்சுலின் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை ஒரு வேளை போட்டால் ஒரு வேளை மறந்துபோகும். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸும் மாதுளம்பழமும் கொண்டுவந்து கொடுத்தார்கள், நானும் குடித்தேன்.

என் வீட்டுக்காரர் அடுத்த அறையில்தான் இருந்தார். 27 வருடம் குடித்தனம் நடத்தியவர். அவரிடம், "ஏங்க, அடிவயித்துல சீழ் வடியுது" என்ற நாலு வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகன் காலேஜில் படிக்கிற பையன், அவனிடம் எப்படிச் சொல்வது? டாக்டருக்கு போன் பண்ணலாம் என்றால், "ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னு எழுதியிருக்காங்க, அதுக்குள்ள தொந்தரவு பண்ணக் கூடாது" என்று ஒரு மரியாதை. இப்படியே நாலு நாள்.

பத்தாம் நாள் மதியம் எர்ணாவூரிலிருந்து என் தங்கச்சி மீன் குழம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்து உள்ளே வந்தவள் குழம்பைக் கீழே வைக்கவே இல்லை. "அக்கா, என்ன வாடை இது?" என்றாள். நான் எதையோ சொல்லி மழுப்பினேன். அவள் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு என் புடவையை விலக்கிப் பார்த்தாள். பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் குளிர் காய்ச்சல் வந்து பல் கிட்டிக்கொண்டிருந்தது, அதையும் மின்விசிறிக் காற்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை 310. எட்டு நாள் படுக்கை. தையல் முழுவதையும் பிரித்துவிட்டார்கள். பிரித்த புண்ணை மறுபடி உடனே தைக்க மாட்டார்கள். உள்ளே அழுக்கை வைத்துத் தைத்த மாதிரி ஆகிவிடும். தினமும் கழுவி, துணி திணித்து, அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரும் வரை காத்திருக்க வேண்டும். எனக்கு ஐந்து வாரம் ஆனது.

இதில் ஒரு விஷயத்தை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

முதல் தடவை அட்மிட் ஆகியிருந்தபோது கட்டு மாற்ற வந்தவர், பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாவுக்குக் கட்டு மாற்றிவிட்டு, செல்போனை எடுத்துப் பேசிவிட்டு, அதே கையோடு என்னிடம் வந்தார். கையுறை மாற்றவில்லை, கை கழுவவில்லை. நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் உங்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிற்கவைத்து நகம் பார்த்தவள் நான். சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடியில் நின்று, "சோப்பு போட்டியா, மறுபடி கழுவு" என்று விரட்டினவள். "கிருமி கண்ணுக்குத் தெரியாது" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள். அந்த மனிதரிடம், "தம்பி, கையைக் கழுவிட்டு வாங்க" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கோபித்துக்கொள்வாரோ, வலிக்கிற மாதிரி கட்டுவாரோ என்று பயம். ஒரு படுக்கையில் கிடக்கும்போது டீச்சரும் நோயாளிதான்.

அந்தக் கையால்தான் எனக்குத் தொற்று வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராலும் நிரூபிக்க முடியாது. என் தோலிலேயே இருந்த கிருமியாக இருக்கலாம். என் சர்க்கரையும் ஒரு காரணம்தான். ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

விஷயம் வெளியே தெரிந்த பிறகு வந்தவர்கள் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். "பருப்பு சாப்பிட்டிருப்பே, பருப்பு சீழ் வைக்கும்." "உருளைக்கிழங்கு வாயு, புண்ணு ஆறாது." "குளிச்சிருப்பே." "தீட்டோட யாராவது வந்து பார்த்திருப்பாங்க." "ஒரே நாள்ல மாடிப்படி ஏறினியே, அதான்." இத்தனையிலும் ஒரு ஒற்றுமையைக் கவனித்தீர்களா? எல்லாமே அந்தப் பெண் செய்த தப்பு. லாரிக்காரன் வீட்டிலும் இதே கதைதான். அவன் அம்மா சொன்னது, "நான் அப்பவே சொன்னேன், முட்டை குடுக்காதேன்னு."

பருப்பு, முட்டை, மீன் எதுவும் சீழ் வைக்காது. புண் ஆறப் புதுச் சதை வளர வேண்டும், அதற்குப் புரதச்சத்து வேண்டும். பிரசவித்தவளுக்கு வெறும் ரசஞ்சோறும் பூண்டுக் குழம்பும் மட்டும் கொடுத்துப் பட்டினி போட்டால் புண் எப்படி ஆறும்? குளித்தாலும் ஒன்றும் ஆகாது. டாக்டர் சொன்ன நாளிலிருந்து நல்ல தண்ணீரில் குளித்து, சுத்தமான துணியால் ஒற்றி, அந்த இடத்தை உலர வைக்க வேண்டும், அவ்வளவுதான். நம் பகுதியில் அந்த "நல்ல தண்ணீர்" பெரிய கேள்வி என்பது எனக்கும் தெரியும். மூன்று நாளைக்கு ஒரு தடவை லாரித் தண்ணீர் பிடித்து டிரம்மில் வைத்திருக்கும் வீடுகளில் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். மஞ்சள், எண்ணெய், பவுடர், சாம்பல் எதுவும் தையல்மேல் வேண்டாம். நான் தடவி அனுபவித்தவள் சொல்கிறேன்.

உண்மையான காரணங்கள் வேறு. நம் தோலிலும் பிறப்புறுப்பிலும் எப்போதும் கிருமிகள் இருக்கின்றன, அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் கெடுதல் இல்லை. கர்ப்பப்பையை எடுக்கும்போது பிறப்புறுப்பின் மேல் முனையையும் திறந்துதான் ஆக வேண்டும். அதனால் கையில் காலில் செய்யும் ஆபரேஷனைவிட இதில் கிருமி உள்ளே நுழைய வழி அதிகம். சிசேரியனில் பனிக்குடம் உடைந்து வெகுநேரம் வலியில் கிடந்த பிறகு கத்தி வைத்தால் ஆபத்து இன்னும் கூடும். சர்க்கரை, ரத்தசோகை, உடல் பருமன் மூன்றும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். வயிறு மடிந்து தையல்மேல் விழுகிற உடம்பாக இருந்தால் அந்த மடிப்புக்குள் வியர்வை தேங்கும், நாமே குனிந்து பார்த்தாலும் அந்த இடம் தெரியாது.

ஆஸ்பத்திரி பக்கம் செய்ய வேண்டியதை உலக சுகாதார நிறுவனம் 2016-இல் 29 பரிந்துரைகளாக வெளியிட்டது. ஏழை, நடுத்தர நாடுகளில் ஆபரேஷன் செய்துகொள்கிற 100 பேரில் 11 பேருக்குப் புண்ணில் தொற்று வருகிறது என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். ஆப்பிரிக்காவில் சிசேரியன் ஆன பெண்களில் 100க்கு 20 பேர் வரை. அந்தப் பரிந்துரைகளில் மூன்று என்னை ஆச்சரியப்படுத்தியது. ஒன்று, ஆபரேஷனுக்கு முன் ரேசர் போட்டு முடி மழிக்கவே கூடாது. தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து கிருமி குடியேறும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர் மட்டும். எனக்கு முதல் நாள் சாயங்காலமே ஆயாம்மா வந்து ரேசரால் மழித்தார், ரத்தம்கூட வந்தது. இன்றைக்கும் "வீட்டிலேயே ஷேவ் பண்ணிட்டு வந்துடுங்க" என்று சொல்லுகிற இடங்கள் உண்டு. இரண்டாவது, கிருமி எதிர்ப்பு மருந்தைக் கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்றாவது, ஆபரேஷன் முடிந்த பிறகும் தடுப்புக்காக அதை நாள்கணக்கில் நீட்டுவதில் பயன் இல்லை என்கிறார்கள். நாமோ அஞ்சு நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தால்தான் நல்ல டாக்டர் என்கிறோம்! (இதைப் படித்துவிட்டு டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தொற்று வந்த பிறகு கொடுக்கிற மருந்து வேறு கணக்கு.)

உங்களுக்கு ஒரு கதை சொல்லாமல் டீச்சர் எப்படி விடுவேன்? 1840-களில் வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், இன்னொன்றில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் பிரிவில்தான் பெண்கள் காய்ச்சல் கண்டு கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அங்கே போட வேண்டாம் என்று கர்ப்பிணிகள் காலில் விழுந்து கெஞ்சினார்கள். ஆஸ்பத்திரிக்குள் போவதைவிடத் தெருவிலேயே பெற்றுக்கொள்வது மேல் என்று இருந்தவர்களும் உண்டு. செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் யோசித்தார். பிணத்தை அறுத்துப் பாடம் படித்த கையோடு இங்கே வந்து பிரசவம் பார்க்கிறார்களே, அதுதான் காரணமோ? 1847 மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்றார். ஏப்ரலில் 100க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது. பெரிய டாக்டர்கள் ஏற்கவில்லை. "எங்கள் கையிலா அழுக்கு?" என்றார்கள். அவர் மனநல விடுதியில் அடைக்கப்பட்டு, 1865-இல் புண்ணில் தொற்று ஏறியே இறந்துபோனார்.

இந்தக் கதையை எல்லோரும் செம்மல்வைஸின் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தக் காலில் விழுந்த பெண்கள்தான் கண்முன் நிற்கிறார்கள். எந்தப் பிரிவில் போனால் சாவு என்று அவர்களுக்கு முன்பே தெரியும். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

அது பழைய காலம் என்று சொல்ல வேண்டாம். 2022 ஆகஸ்ட் 25, ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் இப்ராஹிம்பட்டினம். அரசு சுகாதார மையத்தில் ஒரே நாளில் 34 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பி. வீட்டுக்குப் போனவர்களில் பலருக்குக் காய்ச்சல், வாந்தி. ஒரு வாரம் முடிவதற்குள் நாலு பேர் இறந்துபோனார்கள். தொற்று. எல்லாரும் பிள்ளைக்குட்டி உள்ள இளம் பெண்கள். மிச்சமிருந்த 30 பேரை அவசரமாகப் பெரிய ஆஸ்பத்திரிகளில் சேர்த்தார்கள். அதற்கு எட்டு வருடம் முன்பு, 2014 நவம்பரில், சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு இதே ஆபரேஷன் செய்தார். அந்த மாவட்ட முகாம்களில் 13 பெண்கள் செத்தார்கள். அங்கே கொடுத்த மாத்திரையில் விஷமா, ஆபரேஷனில் தொற்றா என்று பெரிய வாதம் நடந்தது. உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் இந்த முகாம்களையே மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது. அதற்கு ஆறு வருடம் கழித்துத்தான் இப்ராஹிம்பட்டினம்.

(நடுவில் ஒன்று. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் அது 100க்கு ஒன்றுகூட வராது. ஆண்களுக்கான ஆபரேஷன் வயிற்றைத் திறக்காமல் சில நிமிடத்தில் முடிகிற காரியம். வேறு ஒரு நாள் இதைப் பற்றித் தனியாகத் திட்டுகிறேன்.)

நம் ஊரில் இப்படி முகாம் போட்டு அடுக்குவதில்லை, நம் சுகாதாரத் துறை எவ்வளவோ மேல். என் மகன் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்.-இல் பிறந்தவன், உங்களில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள்தான். வீட்டுப் பிரசவமே இல்லை என்கிற அளவுக்குக் கொண்டுவந்தது இந்த மாநிலம். ஆனால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 44.9 சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் எடுத்தால் 63.8. கிட்டத்தட்ட இரண்டு தாய்க்கு ஒருத்தி வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வருகிறாள். இவ்வளவு தையலையும் வீட்டில் யார் பார்க்கிறார்கள்?

என் அம்மா காலத்தில் தையல் பிரிக்கும் வரை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். பிறகு சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினாலும், "எட்டாம் நாள் தையல் பிரிக்க வாங்க" என்பார்கள். அந்தச் சாக்கில் ஒரு நர்ஸின் கண்ணாவது அந்த இடத்தில் படும். இப்போது கரைகிற நூல். பிரிக்க வேண்டாம், போக வேண்டாம். வசதிதான். ஆனால் கெட்டுப்போக ஆரம்பிக்கிற அந்த ஐந்தாம் நாளுக்கும் பதினைந்தாம் நாளுக்கும் நடுவில் விஷயம் தெரிந்த ஒரு கண்கூட அந்தப் புண்ணைப் பார்ப்பதில்லை. ஆபரேஷன் ஆன 30 நாளுக்குள் வருவதையெல்லாம் அறுவைப் புண் தொற்று என்றுதான் மருத்துவத்தில் கணக்கு வைக்கிறார்கள். அந்த 30 நாளில் 26 நாள் நாம் வீட்டில்தான் இருக்கிறோம்.

என்னிடம் படித்து நர்ஸ் ஆன பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது சண்டைக்கு வந்தாள். "டீச்சர், ஒரு ஷிஃப்டுல எத்தனை பேரைப் பார்க்கிறோம்னு தெரியுமா? ரிவ்யூக்கு வாங்கன்னு தொண்டை கிழியச் சொல்றோம், வர மாட்டாங்க. வந்தா ஒரு நாள் கூலி போச்சுன்றாங்க." அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காசிமேட்டில் மீன் விற்கிற பெண்கள் பதினைந்தாம் நாளே கூடையைத் தூக்குகிறார்கள். பச்சை உடம்பு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் பஸ் பிடித்து, வரிசையில் நின்று, "நல்லா இருக்கு, போங்க" என்று கேட்டுவிட்டு வர யார் போவார்கள்? எனவே அவளை வரச் சொல்லுவது சரிப்படாது. யாராவது அவளிடம் போக வேண்டும்.

போவதற்கு ஆள் இல்லையா? இருக்கிறார்கள். 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம் தெருவுக்கே பெண்கள் வருகிறார்கள். எனக்கு பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கையில் கொடுக்கிறார்கள். 2024-இல் ஐ.நா. விருதுகூட அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அதே பெண்கள் கையில் அந்த வார்டில் ஆபரேஷன் முடிந்து வந்தவர்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் என்ன? ஏழாம் நாள் ஒரு தடவை, பதினாலாம் நாள் ஒரு தடவை, கதவைச் சாத்திக்கொண்டு, "காட்டும்மா, பார்க்கலாம்" என்று சொன்னால் போதும். ஐந்து நிமிட வேலை. தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு கட்டாயம் வேண்டும். பில் பாக்கிக்கு போன் பண்ணத் தெரிந்தவர்களுக்கு, "புண் எப்படி இருக்கு" என்று ஒரு போன் பண்ண முடியாதா? டிஸ்சார்ஜ் தாளில் எந்த எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்பதோடு "நடுவில் சந்தேகம் வந்தால் எந்த நேரமும் வாங்க" என்ற ஒரு வரி. அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் நாலு நாள் மரியாதை காத்திருக்க மாட்டேன்.

சரி, அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். அதுவரை வீட்டில் இருக்கிறவர்கள்தான் கண். ஆபரேஷன் ஆகி வந்த பெண்ணைத் தினமும் ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில், தையலைப் பாருங்கள். கணவன் பார்க்கலாம், அம்மா பார்க்கலாம், மாமியார் பார்க்கலாம், யாரும் இல்லையென்றால் அவளே செல்போனில் படம் எடுத்துப் பார்க்கலாம். நேற்று எடுத்த படத்தையும் இன்று எடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் சிவப்பு பரவுகிறதா என்று தெரிந்துவிடும். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும், குறைந்த வலி மறுபடி கூடினால் அது கெட்ட அறிகுறி. தையலைச் சுற்றித் தொட்டால் சூடு, வீக்கம், இறுக்கம், தண்ணீரோ சீழோ கசிவது, தையல் வாய் திறப்பது, வாடை, காய்ச்சல், எதுவாக இருந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும் பிரசவம் ஆனவர்களுக்கும் வெளித்தையல் சுத்தமாக இருந்தாலும் உள்ளே கெட்டிருக்கலாம். கீழே நாற்றத்தோடு வெள்ளையோ சீழோ போவதும் அடிவயிற்று வலியும் அதைத்தான் சொல்லும். குளிர் நடுக்கம், மூச்சு வாங்குதல், பேச்சு குழறுதல், சிறுநீர் குறைந்துபோதல் என்றால் காத்திருக்கவே கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். சந்தேகம்தான், யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் 104 இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி முழுங்காதீர்கள். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி எந்தக் கிருமி என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

ஆபரேஷனுக்கு முன்பு: சர்க்கரையும் ரத்தமும் சரியான அளவுக்கு வரும் வரை, அவசரம் இல்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு அவசரம் இருக்கவில்லை. பரீட்சை லீவில் முடித்துவிட வேண்டும் என்று நான்தான் அவசரப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வருகிறவரிடம், "கை கழுவிட்டீங்களா தம்பி?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள். முறைத்தால் முறைக்கட்டும். உங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தால், எங்க டீச்சர் கேட்கச் சொன்னாங்க என்று என் மேல் பழியைப் போடுங்கள்.

லாரிக்காரன் நேற்று போன் பண்ணினான். புண் மூடிவிட்டதாம், தினமும் ராத்திரி லைட்டைப் போட்டு அவனே பார்க்கிறானாம். "அவ இப்போ திட்றா டீச்சர், இன்னும் எத்தினி நாளுடா பாப்பேன்னு" என்றான். முப்பது நாள் முடியட்டும் என்றேன்.

இதைப் படிக்கிற பெண் பிள்ளைகள் யாராவது இப்போது இதே மாதிரி துணி மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கமெண்டில் எழுத வேண்டாம். இன்பாக்ஸில் "டீச்சர்" என்று ஒரு வார்த்தை போடுங்கள், நானே கூப்பிடுகிறேன். எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்குள் எங்கே இருந்தாலும் கூட வந்து வரிசையில் நிற்கிறேன். ரிட்டயர் ஆனவளுக்கு வேறு என்ன வேலை, டோல்கேட்டில் மெட்ரோ ஏறினால் சீக்கிரமே வந்துவிடுவேன்.